புது கம்ப்யூட்டர் 100 டிகிரி போகிறதா? பேஸ்ட் வாங்கும் முன் மதர்போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊரில், வீட்டில் வைத்து முதல்முறையாக ஒரு கம்ப்யூட்டர் சேர்த்திருக்கிறீர்கள். இன்டெல் ஐ5 12400எஃப் பிராசஸர், அதன் பெட்டியிலேயே வந்த ஸ்டாக் கூலர். விண்டோஸ் போட்டு முடிக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. கேம் திறந்த சில நொடிகளில் பிராசஸர் வெப்பம் 100 டிகிரிக்குப் போய்விடுகிறது, கேம் விட்டு விட்டு ஓடுகிறது. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கேட்டதற்கு, நம்ம ஊர் சூட்டுக்கு ஸ்டாக் கூலர் தாங்காது, திரவம் ஓடிக் குளிரவைக்கும் லிக்விட் கூலர் போடு, இல்லையென்றால் பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்டில் விலை கூடியதாவது வாங்கிப் போடு என்றிருக்கிறார்கள். எந்த பேஸ்ட் நல்லது என்று கேட்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தக் கூலர் பிராசஸர் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா?

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் பல வருடமாக என் வேலை. உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். 12400எஃப் அதிகச் சூடாகிற பிராசஸர் இல்லை. இன்டெல் கொடுத்திருக்கிற கணக்கில் அதன் அடிப்படை மின்சக்தி 65 வாட், டர்போவில், அதாவது வேகத்தைக் கூட்டி ஓடும்போது, அதிகபட்சம் 117 வாட். கேமில் அந்த அதிகபட்சத்தை அது அனேகமாகத் தொடுவதே இல்லை. அந்த 65 வாட்டுக்காகவே செய்த கூலரைத்தான் பெட்டியில் வைத்துத் தருகிறார்கள். ஏசி இல்லாத அறையில், ஏப்ரல் மே மாதத்தில்கூட, அந்தக் கூலர் ஒழுங்காக மாட்டியிருந்தால் கேமில் 65 முதல் 80 டிகிரிக்குள் நிற்பதைத்தான் நான் பார்த்து வருகிறேன். 100 என்பது இந்தப் பிராசஸருக்கு இன்டெல் வைத்திருக்கும் மேல் எல்லை. அங்கே போனதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. கேம் விட்டு விட்டு ஓடுவது அதனால்தான். அதனால் பிராசஸர் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது ‘சில நொடிகளில்’ என்ற சொல். வெப்பம் எவ்வளவு ஏறியது என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறியது என்பதுதான் காரணத்தைக் காட்டிக் கொடுக்கும். கூலர் நன்றாக ஒட்டியிருந்து, கேபினெட்டுக்குள் காற்றோட்டம் மட்டும் மோசமாக இருந்தால், வெப்பம் மெதுவாக ஏறும். பத்து நிமிடம், கால் மணி நேரம் கழித்துத்தான் தொல்லை ஆரம்பிக்கும், ஏனென்றால் முதலில் அந்த அலுமினியக் கட்டி முழுவதும் சூடாக வேண்டும். கேம் திறந்தவுடன் 45லிருந்து 100க்குத் தாவுகிறது என்றால், வெப்பம் அந்த அலுமினியத்துக்குள் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். இதை நீங்களே சோதிக்கலாம். திரையில் 100 காட்டும்போது கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் நின்றதும் கூலரின் அலுமினியப் பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள். பிராசஸர் 100 டிகிரியில் இருந்ததாகச் சொன்ன கம்ப்யூட்டரில் கூலர் வெறும் வெதுவெதுப்பாக இருந்தால், இரண்டுக்கும் நடுவில் தொடர்பு இல்லை. கையை வைக்க முடியாத அளவு சூடாக இருந்தால் விஷயம் வேறு, அப்போது காற்றோட்டத்தையும் ஃபேனையும் பார்க்க வேண்டும்.

இந்த ஒட்டுதல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொண்டால் பேஸ்ட் பற்றிய பாதிக் குழப்பம் தானாகத் தீரும். பிராசஸரின் மேல்மூடியும் கூலரின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் மேடு பள்ளமானவை. இரண்டையும் சேர்த்து வைத்தால் மேடுகள் மட்டும் தொடும், பள்ளங்களில் காற்று நிற்கும். செம்பின் வெப்பக் கடத்துதிறன், மீட்டர் கெல்வினுக்கு வாட் என்ற அளவில், ஏறத்தாழ 400. அலுமினியத்துக்கு 235 பக்கம். காற்றுக்கு வெறும் 0.026. பேஸ்ட் உலோகத்துக்கும் காற்றுக்கும் நடுவில், பெரும்பாலும் 10க்குக் கீழே அல்லது அதைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. காற்றோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு நல்லது, உலோகத்தோடு ஒப்பிட்டால் மிக மோசம். அதனால் பேஸ்டின் வேலை பள்ளத்தை நிரப்புவது மட்டும்தான். அது எவ்வளவு மெல்லியதாகப் பரவுகிறதோ அவ்வளவு நல்லது. மெல்லியதாகப் பரப்புவது எது? கூலர் மேலிருந்து கொடுக்கிற அழுத்தம். அழுத்தம் இல்லையென்றால் உலகத்தில் உள்ள எந்த பேஸ்டும் உதவாது. ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தால்கூட அந்தப் பக்கம் பேஸ்ட் தடித்துக் கிடக்கும், அல்லது தொடாமலே இருக்கும்.

இப்போது அந்த ஸ்டாக் கூலரின் நான்கு கால்களுக்கு வருகிறேன். புதிதாக கம்ப்யூட்டர் சேர்த்தவர்கள் சூடாகிறது என்று கொண்டுவரும் இன்டெல் கம்ப்யூட்டர்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். ஸ்க்ரூ கிடையாது, புஷ் பின். ஒவ்வொரு காலிலும் இரண்டு பாகம் உண்டு. வெளியே, நுனி பிளந்த வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே, மேலிருந்து இறங்குகிற கறுப்புக் குச்சி. வெள்ளை நுனி மதர்போர்டின் ஓட்டைக்குள் முழுவதும் இறங்கி மறுபக்கம் வெளியே வந்த பிறகு, கறுப்புக் குச்சி அதன் நடுவில் இறங்கி நுனியை அகட்ட வேண்டும். அகண்ட நுனி திரும்ப வெளியே வர முடியாது. பூட்டு என்பது அவ்வளவுதான். தப்பு எங்கே நடக்கிறது என்றால், வெள்ளை நுனி ஓட்டைக்குள் போவதற்கு முன்பே கறுப்புக் குச்சி இறங்கிவிடுகிறது. நுனி மேலேயே அகண்டுவிடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது, வளைந்து மடங்கும். மேலிருந்து பார்த்தால் நான்கு காலும் நன்றாக நிற்பது போலவே தெரியும். ஃபேனும் சுற்றும். அதனால்தான் புதிதாகச் செய்பவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை.

இன்னொரு குழப்பம் அந்தப் பின்னின் தலையில் இருக்கும் அம்புக்குறி. பூட்டுவதற்கு அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது கழற்றுவதற்கான திசை. அம்பு காட்டும் பக்கம் கால்வாசிச் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் புஷ் பின் விடுபடும். மாட்டும்போது அதை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, கறுப்புக் குச்சியை மேலே இழுத்து வைத்துக்கொண்டு, நேராக அழுத்த வேண்டும். அழுத்தி முடித்த பிறகு திருப்பவே கூடாது. நீங்கள் பார்த்த வீடியோவில் எப்படிக் காட்டினார்கள் என்று தெரியாது, ஆனால் அழுத்தியபின் திருப்பியிருந்தால் நீங்களே பூட்டைத் திறந்துவிட்டீர்கள் என்றுதான் பொருள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கேபினெட்டின் வலது பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பிராசஸருக்குப் பின்னால் பெரும்பாலான கேபினெட்டுகளில் ஒரு பெரிய சன்னல் வெட்டியிருப்பார்கள். அதன் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் நான்கு ஓட்டைகளும் தெரியும். நான்கிலும் வெள்ளை நுனி முழுவதும் வெளியே வந்து, அகண்டு, நடுவில் கறுப்புக் குச்சி தெரிய வேண்டும். மூன்றில் தெரிந்து ஒன்றில் தெரியவில்லை என்றால் உங்கள் 100 டிகிரிக்குக் காரணம் அதுதான். படம் பார்க்காமல் எந்தக் கால் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகளுக்கு இது பொருந்துகிற அளவு வேறு எதுவும் பொருந்தவில்லை.

ஒரு கால் மாட்டவில்லை என்று கண்டால், அதை மட்டும் அழுத்திவிட்டு முடித்துவிடாதீர்கள். பேஸ்ட் ஒரு முறை சாய்வாகப் பரவி காற்று புகுந்துவிட்டது. நான்கையும் கழற்றி, கூலரை எடுத்து, முதலிலிருந்து செய்வதுதான் சரி. முடிந்தால் மதர்போர்டை வெளியே எடுத்துவிடுங்கள். முதல்முறை செய்பவருக்கு கேபினெட்டுக்குள் வைத்து அழுத்துவது சிரமம், போர்டு வளைவதைப் பார்த்துப் பயந்து பாதி அழுத்தத்தில் கையை எடுத்துவிடுவார்கள். போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைக்கலாம், ஆனால் புஷ் பின் வெளியே வரும் நான்கு இடங்களுக்கும் கீழே வெற்றிடம் இருக்க வேண்டும். தட்டையான ஸ்பாஞ்ச் மேல் வைத்து அழுத்தினால் நுனி வெளியே வர இடமில்லாமல் பாதியில் நிற்கும். போர்டின் ஓரத்தைப் பெட்டியின் விளிம்பில் வைத்து, அடியில் இடது கையைக் கொடுத்துத் தாங்கி, வலது கைக் கட்டைவிரலால் அழுத்துவது என் வழக்கம். கார் டயர் மாற்றும்போது நட்டுகளை எதிரெதிராக முறுக்குகிறார்களே, அதே முறைதான் இங்கேயும். ஒரு மூலை, அடுத்து அதற்கு நேர் எதிர் மூலை, பிறகு மற்ற இரண்டு. ஒவ்வொன்றிலும் ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். போர்டு லேசாக வளையும், அது இயல்பு. கடைசியில் கூலரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆடக் கூடாது. பின் ஒன்று மடங்கியோ உடைந்தோ இருந்தால் அந்தப் பின்கள் தனியாகவே கிடைக்கும், முழுக் கூலரையும் மாற்ற வேண்டியதில்லை.

கூலரை எடுத்தவுடன் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய பேஸ்டின் தடம். அதைத் துடைக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிராசஸர் மேலும் கூலரின் அடியிலும் முழுவதும் மெல்லியதாகப் பரவியிருந்தால் ஒட்டுதல் சரியாக இருந்திருக்கிறது, அப்போது நான் சொல்வது தப்பு, வேறு காரணம் தேட வேண்டும். ஒரு பக்கம் மெல்லியதாகவும் இன்னொரு பக்கம் பெட்டியிலிருந்து வந்தபடியே கோடு கோடாகவும் இருந்தால் அந்தப் பக்கம் தொடவே இல்லை. கம்பெனி பூசி அனுப்பிய பேஸ்ட் ஒரு முறைக்குத்தான். எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும். துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும். நூல் உதிராத துணி அல்லது டிஷ்யூ பேப்பரில் நனைத்துத் துடைத்து, உலரவிடுங்கள். பெயிண்ட் தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் வேண்டாம்.

இப்போது பேஸ்டுக்கு வருவோம். பெயர் உள்ள எந்த பேஸ்டும் உங்கள் பிராசஸருக்குப் போதும். ஆர்டிக், நாக்டுவா, கூலர் மாஸ்டர் என்று எதை வாங்கினாலும் அவற்றுக்குள் 65 வாட் பிராசஸரில் தெரியக்கூடிய வித்தியாசம் சில டிகிரிக்கு மேல் போவதில்லை. 100ஐ 70க்குக் கொண்டுவருகிற பேஸ்ட் எதுவும் இல்லை. லிக்விட் மெட்டல் என்று ஒன்று விற்கிறார்கள், அதைத் தொட வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்தும், சிந்தினால் போர்டு போய்விடும். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். பேஸ்டுக்குப் பதில் பற்பசை போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சில நாளில் காய்ந்து வெடித்துவிடும். எவ்வளவு போடுவது, எந்த வடிவத்தில் போடுவது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கிறது, இதில் ஒரே முடிவு என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். புள்ளி வைத்தாலும், பெருக்கல் குறி போட்டாலும், அட்டையால் தேய்த்தாலும் அழுத்தம் சரியாக இருந்தால் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். உங்கள் பிராசஸர் சதுரம் இல்லை, 45க்கு 37.5 மில்லிமீட்டர் செவ்வகம். அதனால் நீளவாட்டில் நடுவில் ஒரு சிறு கோடு போடுவது எனக்குப் பிடித்த முறை. கொஞ்சம் கூடிப்போனால் ஓரத்தில் பிதுங்கும், சாதாரண பேஸ்ட் என்றால் அதனால் கேடில்லை. குறைந்துபோனால்தான் தொல்லை.

இணையத்தில் தேடினால், உங்கள் பிராசஸர் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் பிராசஸர் வளைகிறது, சாக்கெட்டின் பூட்டுக்குப் பதிலாக கான்டாக்ட் ஃபிரேம் என்ற சட்டத்தைத் தனியாக வாங்கிப் போட வேண்டும் என்று படிப்பீர்கள். விஷயம் உண்மைதான். சாக்கெட்டின் பூட்டு பிராசஸரை நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் அழுத்துவதால் அதன் மேல்மூடி லேசாகக் குழிகிறது. அதனால் பிராசஸர் தன் வரம்புக்கு வெளியே போவதில்லை, சாக்கெட்டை மாற்றினால் வாரண்டி போகலாம் என்பது இன்டெல் 2022இல் சொன்ன பதில். ஃபிரேம் போட்டவர்கள் சில டிகிரி குறைந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். அதிக வாட் இழுக்கும் ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். 12400எஃபுக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. அதைப் போடும்போது ஸ்க்ரூ ஒரு பக்கம் இறுகிவிட்டால் ரேம் ஒன்று தெரியாமல் போவது போன்ற புதுத் தொல்லைகள் வரும்.

நம்ம ஊர் சூடு பற்றி அந்தக் கடைக்காரர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. எந்தக் காற்றுக் கூலரும், லிக்விட் கூலரும்கூட, அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டு வீடியோக்களில் அறை பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும். கருங்கலில் மாடி அறை மத்தியானம் 32, 33 இருக்கும். அறை எவ்வளவு ஏறுகிறதோ ஏறத்தாழ அவ்வளவே பிராசஸரும் ஏறும். எனவே அவர்கள் 65 காட்டினால் உங்களுக்கு 75 வருவது நியாயம். 100 வருவது நியாயம் இல்லை. நம் மாவட்டத்தில் சூட்டைவிட நான் அதிகம் கவலைப்படுவது கடற்காற்றைப் பற்றி. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் கடலோர வீடுகளிலிருந்து வரும் கூலர்களில் அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்திருக்கும், ஸ்க்ரூத் தலைகள் துருப்பிடித்திருக்கும், உப்பு ஈரத்தில் தூசி அப்பளமாக ஒட்டியிருக்கும். உள்நாட்டில் பிரஷ்ஷால் தட்டினால் போகிற தூசி அங்கே போகாது. நீங்கள் கொஞ்சம் உள்ளே இருப்பதால் அவ்வளவு வராது, இருந்தாலும் ஜூன் மழை தொடங்குமுன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை திறந்து தூசி தட்டுவது நல்லது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பின்னால் டவர் கூலர் என்ற உயரமான கூலரை வாங்கினால் உதவும் என்பதால் சொல்கிறேன். பழைய 10, 11ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸருக்கான கூலரை யாராவது சும்மா கொடுத்தால் அப்படியே மாட்டிவிட முடியாது. அவற்றின் ஓட்டை இடைவெளி 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ 1700க்கு 78. சாக்கெட்டின் உயரமும் சற்றுத் தாழ்வு. அதனால் எப்படியாவது வளைத்து மாட்டினாலும் அழுத்தம் போதாது. 1700க்கென்று தனி பிராக்கெட் வேண்டும். டவர் கூலர் பலவும் 150 முதல் 160 மில்லிமீட்டர் உயரம் வரும், உங்கள் கேபினெட்டின் அகலம் இடம் கொடுக்குமா என்று முதலில் பாருங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்க மறக்காதீர்கள், அதோடு மாட்டிக் கொண்டுவருபவர்கள் இன்றும் உண்டு. ஸ்க்ரூ முறையில் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்றாக எதிரெதிரே மாற்றி மாற்றி முறுக்கி, ஸ்க்ரூ தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்பிரிங் ஸ்க்ரூவில் அந்த நிற்கும் இடத்தைக் கம்பெனி கணக்குப் பண்ணித்தான் வைத்திருக்கிறது. ஃபேன் காற்றைக் கேபினெட்டின் பின்பக்கம் தள்ளும்படி இருக்க வேண்டும். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசஸர் வைத்திருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஏஎம்4 சாக்கெட்டில் கூலரை நேராகப் பிடுங்கினால் காய்ந்த பேஸ்டோடு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்து, அடியிலுள்ள பின்கள் வளையும். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாகத் திருகிவிட்டு எடுங்கள். ஏஎம்5இல் பின்கள் சாக்கெட்டிலேயே இருப்பதாலும், பிராசஸர் மேலே பூட்டப்பட்டிருப்பதாலும் அந்தப் பயம் இல்லை.

மறுபடி மாட்டியதும் ஃபேன் ஒயரை போர்டில் சிபியூ ஃபேன் என்று எழுதிய இடத்தில் செருகி, முதலில் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் திறக்கக்கூடிய போர்டின் செட்டிங்ஸ் திரையில், ஐந்து நிமிடம் வெப்பத்தைப் பாருங்கள். 40, 50க்குள் நின்றால் விண்டோஸுக்குப் போய் வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்துவைத்து அரை மணி நேரம் அதே கேமை ஓட்டுங்கள். 80ஐச் சுற்றி நின்றால் வேலை முடிந்தது, லிக்விட் கூலருக்கு வைத்திருந்த பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பின்கள் நான்கும் சரியாக இருந்தும் மெதுவாக 90க்கு மேல் ஏறினால், பயாஸில் பவர் லிமிட், அதாவது பிராசஸர் இழுக்கக்கூடிய மின்சக்தியின் வரம்பு, எவ்வளவு என்று பாருங்கள். சில போர்டுகள் அதைக் கட்டுப்பாடே இல்லாமல் திறந்துவிட்டிருக்கும். அதை 65 வாட்டுக்குக் கொண்டுவந்தால் கேமில் வேகம் பெரிதாகக் குறையாது, சூடு நன்றாகக் குறையும். அப்புறமும் நொடியில் 100 போகிறது என்றால் போர்டின் பின்பக்கப் படத்தையும், துடைக்கும் முன் எடுத்த பேஸ்ட் படத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரை பைக்கில் வைத்து மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ கொண்டுபோக வேண்டாம். அரைகுறையாகப் பூட்டிய புஷ் பின் வழியில் குலுங்கிக் கழன்றால், கூலர் விழுந்து கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.